துணுக்கு எழுதின கையோட முனைவர் பட்டம் வரைக்கும்

ஊர்ல பசங்க அடிக்கடி கேக்குறாங்க, "அண்ணே, நீங்க பத்தாவதோட நின்னவருன்னு சொல்றாங்க, கல்யாண வீட்டுல சமையல் லிஸ்ட் எழுதினவரு, பத்திரிகைக்கு சிரிப்புத் துணுக்கு போட்டவரு, பட்டிமன்றம் பேசினவரு, இப்ப காலேஜ்ல தமிழ் நடத்துறீங்க, நடுவுல என்னண்ணே நடந்துச்சு?"ன்னு. ஒவ்வொருத்தருக்கும் டீக்கடையில நின்னு சொன்னா பாதிதான் சொல்ல முடியுது, அதனால மொத்தமா எழுதிடறேன். படிப்பை நடுவுல விட்டுட்டு வேற வேலைக்குப் போனவங்க, முக்கியமா எழுதுறவங்க, மேடையில பேசுறவங்க, இவங்களுக்கு இதுல ரெண்டு மூணு விஷயமாவது உதவும்னு நம்பி எழுதுறேன்.

எங்க அப்பா சமையல் மாஸ்டர். செட்டிநாட்டுல பள்ளத்தூர், கானாடுகாத்தான், கோட்டையூர், தேவகோட்டைன்னு பெரிய வீட்டுக் கல்யாணம், சாந்தி கல்யாணம்ங்கிற அறுபதாம் கல்யாணம் எது வந்தாலும் ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு கிளம்பிடுவாரு. பத்தாவது முடிச்சதும் நானும் கூடப் போயிட்டேன். என் வேலை அடுப்புல இல்ல, சாமான் லிஸ்ட் போடுறது, வந்த சாமானை சரிபாக்குறது, எத்தனை இலை விழுந்துச்சுன்னு எண்ணி சாயங்காலம் கணக்கு ஒப்படைக்கிறது. அந்த வேலையில நாள் முழுக்க வீட்டோட இரண்டாங்கட்டுல, அதாவது ரெண்டாவது முற்றத்துலதான் உக்காந்திருக்கணும், ஆச்சிமார் எல்லாம் அங்கனதான் சுத்தி உக்காந்து காய் நறுக்கிக்கிட்டே பேசுவாக. அந்தப் பேச்சைக் கேட்டவங்களுக்குத்தான் தெரியும், ஒரு ஆச்சி ஒரு வார்த்தை விட்டா இன்னொரு ஆச்சி அதைக் கீழ விழ விடாம எடுத்து திருப்பிப் போடுவாக, சிரிப்பு பட்டாலைக் கூடம் வரைக்கும் கேக்கும். நான் லிஸ்ட் நோட்டோட பின்பக்கத்துல அதை எழுதிக்குவேன். யாரும் எழுதச் சொல்லல, விட்டா போயிடுமேன்னு ஒரு பதைப்பு, அவ்வளவுதான்.

அதுல ஒண்ணை இங்க போடறேன், பின்னாடி தேவைப்படும். கல்யாண வீட்டுல சீர் சாமான் பரப்பி வச்சிருந்தாங்க, எவர்சில்வர், பித்தளை, வெங்கலம், எனாமல்னு வளவு முழுக்க, அதாவது வீட்டு உள்முற்றம் முழுக்க. பாக்க வந்த ஒரு ஆச்சி பொண்ணோட ஆத்தாகிட்ட கேட்டாக:

"பொண்ணுக்கு சமைக்கத் தெரியுமா?"

"அதுக்கு எங்க நேரம், இதை எண்ணி முடிக்கட்டும்!"

இதைப் போஸ்ட் கார்டுல எழுதி ஒரு வார இதழுக்குப் போட்டேன், வந்துச்சு, மணியார்டரும் வந்துச்சு. ஆனா கார்டுல எழுதுறதுக்கு முன்னாடி நோட்டுல பல மாதிரி எழுதிப் பாத்தேன். 'பாத்திரத்தை எண்ணுறதுக்கே நேரம் சரியா இருக்கு, அதனால சமைக்கக் கத்துக்கலை'ன்னு ஒரு வடிவம். படிச்சா விஷயம் புரியுது, சிரிப்பு வரல. ஏன்னா 'எண்ணுறது' முன்னாடியே வந்துடுது, அதுக்கப்புறம் வர்ற வார்த்தை எல்லாம் சிரிப்பு மேல மண்ணள்ளிப் போடுது. ஆத்தா சொன்ன மாதிரியே 'எண்ணி முடிக்கட்டும்'னு கடைசியில நிறுத்தினாத்தான் சரியா வெடிக்குது. 'பாத்திரம்'ங்கிற வார்த்தையே வேண்டாம், 'இதை'ன்னா போதும், கண்ணு தானா வளவு பக்கம் திரும்பிடும். எந்த வார்த்தை எங்க நிக்கணும், எது தேவையில்லைங்கிறதை எனக்கு வகுப்பு சொல்லித் தரல, அந்தப் போஸ்ட் கார்டு சொல்லிக் குடுத்துச்சு. இன்னைக்கு ஆய்வுக் கட்டுரை எழுதுறப்பவும் இதேதான் எனக்கு அளவுகோல்.

பட்டிமன்றம் அதுக்கப்புறம் வந்தது. எங்க பக்கம் அதுக்கு நல்ல மண்ணு, பட்டிமன்றத்தை ஜனங்க மத்தியில கொண்டுபோன குன்றக்குடி அடிகளாரோட மடம் பக்கத்துலதான் இருக்கு. மாசி பங்குனி முத்துமாரியம்மன் திருவிழா, ஊர்ப் பொங்கல், பள்ளி ஆண்டு விழான்னு கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனேன். மேடையில ஒண்ணு தெரிஞ்சுக்கிட்டேன், முன்வரிசையில இருக்கிற பெரியவங்க சிரிக்கிறதும் பின்னாடி மணல்ல உக்காந்திருக்கிற ஜனங்க சிரிக்கிறதும் ஒரே நேரத்துல நடந்தாத்தான் அது நல்ல வரி, முன்னாடி மட்டும் சிரிச்சா அது படிச்சவங்களுக்கான வரி, பின்னாடி மட்டும் சிரிச்சா யாரையோ குத்திட்டோம்னு அர்த்தம்.

சரி, ஆய்வுப் பக்கம் எப்படி வந்தேன்னா, காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுல பழைய சாமான் கடைகள் இருக்குல்ல, பெரிய வீடுகள்ல இருந்து வந்த தூண், கதவு, எனாமல் தட்டு, போட்டோ ஃபிரேம் எல்லாம் விக்கிற கடைங்க, அங்க ஒரு நாள் பைண்ட் பண்ணின தொடர்கதைப் புத்தகம் ஒரு கட்டு கிடந்துச்சு. அந்தக் காலத்துல வீட்டுல வார இதழ் வாங்கி, தொடர்கதைப் பக்கத்தை மட்டும் கிழிச்சுச் சேத்து பைண்ட் பண்ணி வச்சுக்குவாங்க. கதை முடியுற இடத்துல பக்கத்தோட அடியில இடம் மிஞ்சும், அங்க ஒரு துணுக்கு போட்டு நிரப்பியிருப்பாங்க. கதைக்காக பைண்ட் பண்ணினதுல துணுக்கும் தப்பிப் பொழைச்சிருக்கு. புரட்டிக்கிட்டே போறேன், மாமியார் முறுக்குச் சுத்துறதை வச்சு ஒரு துணுக்கு, அச்சு அசலா எங்க அடுப்படியில கேட்டது, நான் பொறக்குறதுக்கு முன்னாடியே அச்சாயிருக்கு. அப்ப எந்த வழியில போச்சு? ஆச்சிமார் பேச்சு பத்திரிகைக்குப் போச்சா, பத்திரிகையில படிச்சதை ஆச்சிமார் பேசினாகளா, இல்ல ரெண்டும் மாறி மாறிப் போச்சா? இந்தக் கேள்வி என்னை தூங்க விடல. கம்பன் கழகத்துப் பழக்கத்துல தெரிஞ்ச ஒரு தமிழ் ஐயாகிட்ட போய்ச் சொன்னேன். அவரு பொறுமையா கேட்டுட்டு, "தம்பி, கேள்வி நல்ல கேள்வி. முதல்ல ப்ளஸ் டூ எழுதுங்க"ன்னாரு.

இதுதான் நான் சொல்ல வந்ததுல முதல் முக்கியமான விஷயம், கவனமா கேளுங்க. பத்தாவதோட நின்னவங்களுக்கு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துல நேரா டிகிரி சேத்துக்கிறோம்னு விளம்பரம் வந்த காலம் ஒண்ணு இருந்துச்சு, ப்ளஸ் டூ இல்லாமலே பி.ஏ., பி.ஏ. இல்லாமலே எம்.ஏ.ன்னு. அறிவுக்காகப் படிக்கிறதுன்னா தாராளமா படிக்கலாம். ஆனா அரசு வேலைக்குப் போறப்ப 10, அப்புறம் 12, அப்புறம் மூணு வருஷ டிகிரின்னு வரிசை சரியா இருக்கான்னு பாப்பாங்க, 2009ல உச்ச நீதிமன்றமே இந்த மாதிரி அடிப்படைப் பட்டம் இல்லாம வாங்கின முதுகலையை செல்லாதுன்னு சொல்லியிருக்கு. எனக்குத் தெரிஞ்ச ரெண்டு பேர், நல்ல படிப்பாளிங்க, இந்த வரிசை உடைஞ்சதால வாசல் வரைக்கும் போய் திரும்பி வந்தாங்க. அதனால தனித்தேர்வரா ப்ளஸ் டூ எழுதிட்டு, அழகப்பா பல்கலைக்கழகத்துல தொலைநிலைக் கல்வியில பி.ஏ., எம்.ஏ.ன்னு வரிசையாப் போனேன். கல்யாண சீசன் இல்லாத ஆடி, மார்கழியில உக்காந்து படிக்கிறது, மத்த மாசம் மூட்டை தூக்குற வேன்ல படிக்கிறது. தொலைநிலையில சேர்றவங்க இன்னொண்ணும் பாருங்க, அந்தப் படிப்புக்கு நீங்க சேர்ற வருஷத்துல யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு அனுமதி இருக்கான்னு அவங்க இணையதளத்துலயே லிஸ்ட் இருக்கும், பாத்துட்டு ஃபீஸ் கட்டுங்க.

தயக்கம் எனக்கும் இருந்துச்சு, இத்தனை வயசுல போய் சின்னப் பசங்களோட பரீட்சை எழுதணுமான்னு. அப்பல்லாம் எங்க பக்கத்து ரெண்டு பேரை நினைச்சுக்குவேன். பண்டிதமணி கதிரேசஞ்செட்டியார், மகிபாலன்பட்டிக்காரர், திண்ணைப் பள்ளியில சில மாசம்தான் படிப்பு, சின்ன வயசுலயே இலங்கைக்குக் கடை வேலைக்குப் போனவரு, அவரு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல பேராசிரியரா உக்காந்தாரு. மேலைச்சிவபுரி வ.சுப.மாணிக்கம் 1917ல பொறந்தவரு, பையனா இருக்கிறப்பவே பர்மாவுக்கு வட்டிக்கடையில பெட்டியடிப் பையனா, அதாவது கடை எடுபிடியாப் போனாரு. முதலாளி உள்ள இருந்துக்கிட்டே, அதிகாரி வந்தா இல்லைன்னு சொல்லச் சொன்னாராம், இவரு பொய் சொல்ல மாட்டேன்னு நின்னாரு, வேலை போச்சு, ஊருக்கு வந்துட்டாரு. வந்தவரு பண்டிதமணிகிட்ட தமிழ் படிச்சாரு, காரைக்குடி அழகப்பா கல்லூரியில பேராசிரியர், அப்புறம் மதுரைப் பல்கலைக்கழகத்துக்கே துணைவேந்தர். கடையில இருந்து கல்லூரிக்குப் போறது செட்டிநாட்டுக்குப் புதுசு கிடையாது, போட்டு வச்ச பாதை இருக்கு.

எம்.ஏ. முடிச்சதும் நெட், அதாவது கல்லூரியில பாடம் நடத்துறதுக்கான தேசியத் தகுதித் தேர்வு. இதைப் பத்தி ஏகப்பட்ட பயம் வச்சிருக்காங்க. ரெண்டு தாள், சேத்து மூணு மணி நேரம், முதல் தாள்ல 50 கேள்வி, ரெண்டாவதுல 100, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு மார்க், தப்பா எழுதினா மார்க் குறைக்கிறது இல்லை. அதுலயே கிடைக்கிற ஜேஆர்எஃப்ங்கிற ஆய்வு உதவித்தொகைக்குத்தான் வயசு வரம்பு, உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வயசு வரம்பே இல்லை, இது தெரியாமலே எத்தனையோ பேர் 'வயசாயிடுச்சு'ன்னு விட்டுடறாங்க. தமிழ்த் தாளை விட என்னை மாதிரி ஆளுங்களுக்கு முதல் தாள்தான் இடிக்கும், கணக்கு, தர்க்கம், கற்பித்தல் முறை, கம்ப்யூட்டர்னு எல்லாம் கலந்து வரும். பழைய கேள்வித்தாளை எடுத்து டைம் வச்சு எழுதிப் பழகுறதைத் தவிர வேற வழி எனக்குத் தெரியல. 2024 ஜூன்ல இருந்து நெட் மார்க்கை பிஎச்.டி. சேர்க்கைக்கும் எடுத்துக்கறாங்க, அதனால ஒரே படிப்புல ரெண்டு காரியம்.

பிஎச்.டி.க்கு நெறியாளர், அதாவது ஆய்வுக்கு வழிகாட்டுற பேராசிரியர் தேடினதுதான் கஷ்டமான கட்டம். நான் போய்ப் பாத்த ஒருத்தர் தலைப்பைக் கேட்டதுமே, "துணுக்குல என்னங்க ஆய்வு இருக்கு, சங்க இலக்கியத்துல ஏதாவது எடுங்க"ன்னு ஃபைலைத் திருப்பிக் குடுத்துட்டாரு. எனக்கு மனசு ரொம்ப வலிச்சுச்சு, இன்னைக்கும் அது சரியில்லைன்னுதான் சொல்வேன். தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாட்டை, அதாவது உடம்புல வெளிப்படுற உணர்ச்சிகளைச் சொல்றப்ப நகையை, அதாவது சிரிப்பைத்தான் முதல்ல வைக்கிறாரு, அழுகை அதுக்கப்புறம்தான். நம்ம ஆளுங்க வாரா வாரம் லட்சக்கணக்கான பேர் படிச்சு சிரிச்ச ஒரு எழுத்து வகையை ஆய்வுக்கு லாயக்கில்லைன்னா எப்படி? பிறகு வேற ஒரு அம்மா, அவங்க நாட்டுப்புறவியல் பாக்குறவங்க, முழுசா கேட்டுட்டு, "தலைப்பை சுருக்கிட்டு வாங்க, எடுத்துக்கறேன்"னாங்க. 'தமிழில் நகைச்சுவை'ன்னு கொண்டுபோனதை, வார இதழ்த் துணுக்குகள்ல குடும்ப உரையாடல், யாரு முதல்ல பேசறாங்க, கடைசி வரி யாருக்குக் கிடைக்குதுன்னு சுருக்கினோம். நெறியாளர் தேடுறவங்களுக்கு நான் சொல்றது இதுதான்: பேருக்காகப் போகாதீங்க, அவங்க நெறியாள்கையில வந்த ஆய்வேடுகளை ஷோத்கங்காங்கிற ஆய்வேட்டு இணையதளத்துல எடுத்துப் படிங்க, இலவசம்தான், ரெண்டு படிச்சாலே அவங்க என்ன எதிர்பாக்குறாங்கன்னு விளங்கிடும்.

வேலை பாத்துக்கிட்டே பகுதி நேரமா சேரலாம், நிறுவனத்துல வேலைன்னா தடையில்லாச் சான்று கேப்பாங்க. 2022 நவம்பர்ல வந்த யுஜிசி விதிப்படி குறைஞ்சது மூணு வருஷம், அதிகபட்சம் ஆறு, எம்.ஃபில். படிப்பையே நிறுத்திட்டாங்க. தொலைநிலையில பிஎச்.டி.ன்னு யாராவது சொன்னா அந்தப் பக்கமே போகாதீங்க, அது செல்லாது.

தரவு சேத்த கதை தனிக் கதை. கோட்டையூர் ரோஜா முத்தையா, விளம்பரப் பலகை எழுதுற ஓவியரா இருந்து வாழ்நாள் முழுக்க புத்தகமும் பத்திரிகையும் சேத்தவரு, 1992ல இறந்துட்டாரு. அந்த சேகரிப்பை சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, அதுல உருவான நூலகம்தான் இப்ப சென்னை தரமணியில இருக்கு. பல்லவன் ரயில்ல ஏறி போவேன். எங்க வீட்டுல இருந்து சைக்கிள்ல போற தூரத்துல இருந்த காகிதத்தை சென்னையில குளிரூட்டின ரூம்ல உக்காந்து படிக்கிறப்ப மனசு நெறைஞ்சிடும், இல்லாட்டி எல்லாத்தையும் கரையான் தின்னிருக்கும். பக்கத்துல புதுக்கோட்டை ஞானாலயாவும் இருக்கு, தனி மனுஷங்க கட்டிக் காத்த நூலகம், ஆய்வு பண்றவங்க கட்டாயம் ஒரு தடவை போகணும். வீட்டுல இருந்தே பாக்க தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்நூலகம் இருக்கு.

ஒவ்வொரு துணுக்குக்கும் ஒரு வரிசை போட்டேன், எக்செல்ல: இதழ், தேதி, பக்கம், எழுதினவர் பேரு, ஊரு, பேசுற ரெண்டு பேரு என்ன உறவு, முதல் வரி, கடைசி சொல். சாமான் லிஸ்ட் போட்ட பழக்கம் இங்க கை குடுத்துச்சு, எந்தக் கட்டத்தையும் காலியா விட மனசு வராது. யூனிகோடுல மட்டும் அடிங்க, பழைய ஃபான்ட்ல அடிச்சா பின்னாடி தேடவும் முடியாது, வடிகட்டவும் முடியாது. கருத்துத் திருட்டுச் சோதனைக்கும் இதுல ஒரு சங்கதி இருக்கு. யுஜிசியோட 2018 விதிப்படி 10 சதவீதம் வரைக்கும்தான் ஒப்புமை இருக்கலாம். மேற்கோள் குறி போட்டு, ஆதாரத்தோட எடுத்தாண்டதை அந்தக் கணக்குல விட்டுடுவாங்க. அதனால முதல் நாள்ல இருந்தே எது உங்க வாக்கியம், எது எடுத்ததுன்னு வேற வேற நிறத்துல வைங்க.

பணம் எப்படிப் பாத்தேன்னு கேக்கிறவங்களுக்கு: சமையல் கணக்கு வேலையை விடவே இல்ல. முகூர்த்த மாசத்துல வர்றதை வச்சு வருஷத்தை ஓட்டினேன். வீட்டுல அவங்க பலகாரம் ஆர்டர் எடுத்தாங்க, மணகோலம், சீப்புச் சீடை, அதிரசம்னு. என் ஆய்வேட்டுக்குப் பாதி பைண்டிங் செலவு அந்த அடுப்புல இருந்துதான் வந்துச்சு, முன்னுரையில நன்றி எழுதினப்ப அவங்க பேரைத்தான் முதல்ல எழுதினேன். கௌரவ விரிவுரையாளரா சேந்தப்புறமும் இதே நிலைமைதான், அரசு கல்லூரியில அந்தப் பதவிக்கு வருஷத்துல பதினொரு மாசச் சம்பளம்தான். பட்டம் வாங்கினதும் எல்லாம் சரியாயிடும்னு நினைச்சு கையில இருக்கிற தொழிலை விட்டுடாதீங்க.

வாய்மொழித் தேர்வு அன்னைக்கு வெளியில இருந்து வந்த தேர்வாளர் ஐயா, நான் மேல சொன்ன சீர் சாமான் துணுக்கை எடுத்தாரு. "தொல்காப்பியர் எள்ளல், இளமை, பேதைமை, மடன்னு நகைக்கு நாலு நிலைக்களன், அதாவது சிரிப்பு பொறக்கிற இடம் சொல்றாரு. இது எதுல வரும்? எள்ளல்னா அடுத்தவங்களைக் கேலி பண்றது, இங்க ஆத்தா தன் வீட்டு சீரையேல்ல கேலி பண்றாங்க"ன்னாரு. தொல்காப்பியத்துக்கு உரை எழுதின பேராசிரியர்ங்கிற பழைய உரையாசிரியர் சொன்னதை நான் சொன்னேன். எள்ளல்ங்கிறதை அவரு ரெண்டு பக்கமாப் பிரிக்கிறாரு, நாம பிறரை எள்ளிச் சிரிக்கிறது ஒண்ணு, பிறர் நம்மளை எள்ளுறப்ப நாமே சிரிக்கிறது இன்னொண்ணு. வந்த ஆச்சி கேள்வியிலேயே ஒரு குத்து இருக்கு, இவ்வளவு பாத்திரம் இருக்கே, சமைக்கத் தெரியுமான்னு. அந்தக் குத்தை ஆத்தா கோவப்படாம வாங்கி சிரிப்பாத் திருப்பிட்டாங்க, அதனால இது ரெண்டாவது வகை எள்ளல், எங்க ஊர்ப் பொம்பளைங்க பேச்சுல நான் சேத்த தரவுல இதுதான் நிறைய வருதுன்னு எக்செல்ல எடுத்துக் காட்டினேன். ஐயா கொஞ்ச நேரம் பேசாம பாத்துட்டு, "இதை தனிக் கட்டுரையா எழுதுங்க"ன்னாரு. அடுப்படியில உக்காந்து கேக்காம இருந்திருந்தா அந்தப் பதில் எனக்கு வந்திருக்காது, உரை படிக்காம இருந்திருந்தாலும் வந்திருக்காது.

இப்ப முதலாமாண்டுப் பசங்களுக்கு கலித்தொகையில கபிலரோட 'சுடர்த்தொடீஇ கேளாய்' நடத்துறப்ப இதைத்தான் செய்யறேன். தண்ணி கேட்டு வந்தவன் பொண்ணோட கையைப் பிடிக்கிறான், அவ அம்மான்னு கத்துறா, அம்மா ஓடி வர்றா, பொண்ணு சட்டுன்னு 'தண்ணி விக்கிக்கிச்சு'ன்னு மாத்திடறா, அம்மா பாவம்னு அவன் முதுகைத் தடவி விடறா, அவன் கடைக்கண்ணால பாத்து சிரிக்கிறான். பொழிப்புரை சொல்லாம முதல்ல இதை நடிச்சுக் காட்டச் சொல்லுவேன். அப்புறம் கேப்பேன், பாட்டு எந்த வார்த்தையில முடியுதுன்னு. 'கள்வன் மகன்'. திருட்டுப் பயல்ங்கிற அந்த செல்லத் திட்டு கடைசியில நிக்குது. சங்கப் பாட்டுக்கும் போஸ்ட் கார்டு துணுக்குக்கும் ஒரே தச்சு வேலைன்னு அந்த இடத்துல பசங்களுக்கு பட்டுன்னு பிடிபடும், மனப்பாடம் பண்ணச் சொல்லாமலே பாட்டு ஏறிடும்.

போன வாரம் அந்த வகுப்புல ஒரு தம்பி வந்து, "ஐயா, நான் மீம் போடுவேன், எம்.ஏ. முடிச்சிட்டு மீம்ல பிஎச்.டி. பண்ணலாமா?"ன்னு கேட்டான். பண்ணலாம்னு சொல்லி உக்கார வச்சு ஒரு மணி நேரம் பேசினேன். இன்னைக்கே ஒரு ஷீட் திற, பாக்குற ஒவ்வொரு மீமுக்கும் தேதி, எந்தப் பக்கத்துல வந்துச்சு, படத்துல யாரு, மேல் வரி, கீழ் வரி எல்லாம் அடிச்சு வை, ஸ்க்ரீன்ஷாட் மட்டும் எடுத்தா தேதி போயிடும், மீம் அழிஞ்சா திருப்பிக் கிடைக்காதுன்னு சொல்லியிருக்கேன். அடுத்த வெள்ளிக்கிழமை முதல் ஐம்பது வரிசையோட வர்றேன்னு போயிருக்கான்.